செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

நீரிழிவு உள்ளவர்களின் கால் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி பற்றி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சர்க்கரையோடு வாழ்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறவரை எங்கள் பகுதியில் என்னென்ன செய்யச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சீட்டு வாங்கச் சொல்கிறார்கள். விரலை நீட்டச் சொல்கிறார்கள். பி.பி. பார்க்கச் சட்டைக் கையை மடிக்கச் சொல்கிறார்கள். சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்பவர் மிகச் சிலர். நடக்கச் சொன்ன அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் அதைவிடக் குறைவு.

காலைப் பார்க்காமல் கொடுத்த சர்க்கரை சிகிச்சையை முழுமையான சிகிச்சையாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. ‘காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு புண் வந்தால் ‘அலட்சியமாக இருந்துவிட்டார்’ என்று நோயாளியின் தலையில் சுமத்தும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு பங்கு நிச்சயம் உண்டு. அதைக் கீழே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். ஆனால் மருத்துவமனை, பட்டறை, கடை, கோயில் என்று அந்தக் கால் போய் வரும் இடங்களுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறார். கூடத்து வெள்ளை டைல்ஸில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள். வாசலில் போட்ட காவியை யாரோ மிதித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று மனைவி ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். சமையலறையிலும் பொட்டுகள், பின்கட்டிலும் பொட்டுகள். துடைத்துக்கொண்டே போனவர் கடைசியில் கணவரின் வலது காலில் வந்து நின்றார். லேத்தில் சுருண்டு விழும் இரும்புச் சுருளில் ஒரு துண்டு செருப்பைத் துளைத்துப் பெருவிரலுக்குக் கீழே ஏறி நின்றிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. “குறுகுறுன்னுகூட இல்லையே” என்றார். நான்கு மாதம் கழித்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய பதினொரு வருடமும் மாதம் தவறாமல் சர்க்கரைக்குப் போய் வந்தவர் அவர். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் காலை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

இதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? காலில் முள் தைத்தால் வலிக்கும், வலித்தால் உட்கார்ந்து பிடுங்குவோம். யாரும் சொல்லித் தராமலே உடம்பு செய்கிற வேலை இது. பல வருடச் சர்க்கரை அந்த வலியைச் சொல்லும் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. முதலில் எரிச்சல், பிறகு மதமதப்பு, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி ஓர் உணர்வு, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. எரிச்சல் நின்றதும் ‘பரவாயில்லை, சரியாகிவிட்டது’ என்று நிம்மதி அடைந்தவர்களை எங்களுக்குத் தெரியும். உண்மையில் ஆபத்து தொடங்குவது அங்கேதான். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்து வந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

வலி போன காலுக்கு என்ன நேர்கிறது என்பதை உலகத்துக்குத் தெளிவாகச் சொன்ன இடம் தமிழ்நாடுதான். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ‘அழுகி உதிர்கின்றன’ என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சுட்டதும் வெட்டியதும் அழுத்தியதும் கவனிக்கப்படாமல் புண்ணாகி விரல் போகிறது என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் நிறுவினார்கள். வேலூரிலும் அதன் அருகே உள்ள கரிகிரியிலும் அந்தக் கால்களுக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்பு செய்தார்கள். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணும் அதே கதைதான் என்று கண்டார். இன்று மருந்துக்கடையில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது அந்த வழியில் வந்தது. எம். விஸ்வநாதன் 1954-ல் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, பிறகு சர்க்கரை நோய்க்கென்றே ஆன மருத்துவமனையாயிற்று. ஆக, அறிவு நம் ஊரில் இல்லாமல் போகவில்லை. ஆவடியிலிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் எழுபது வருடமாக இருக்கிற அறிவு, எங்கள் தெருமுனைக் கிளினிக்கின் நாற்காலி வரை வந்து சேரவில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். சர்க்கரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது கால் புண்ணைச் சந்திக்கிறார்கள் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. ஆறிய புண்ணில் பத்துக்கு நான்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறது. ‘புண் ஆறிவிட்டது, இனி வர வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புவதை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான். ஒருமுறை புண் வந்த காலை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இதுவரை ஒன்றும் இல்லாத காலையும் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

‘ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவரின் காலையும் பார்க்க நேரம் ஏது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கிறவர்களின் பளுவை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் முதல் சோதனைக்கு மருத்துவரோ கருவியோ தேவையில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சோதிப்பவர் தன் ஆள்காட்டி விரலால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இறகு பட்டது போல ஒன்றிரண்டு நொடி தொட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு தொடுதல். தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் கால் உணர்விழந்த கால். அப்புறம்தான் பத்து கிராம் நைலான் இழையால் உணர்வைச் சோதிப்பதும், பாதத்தில் ரத்த ஓட்டம் பார்ப்பதும். சீட்டு பதிகிற நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியதிலிருந்து, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை. மூட்டுவலியால் படியிறங்க முடியாத பல பெரியவர்களுக்கு வெளி உலகத்தோடு இருக்கிற ஒரே மருத்துவத் தொடர்பு அந்தப் பெண்கள்தான். இந்த ஆறு தொடுதலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அதற்கான ஊதியத்தையும் உயர்த்திக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். வேலையை மட்டும் கூட்டி ஊதியத்தை விட்டுவிடுவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். கால் பாதிப்பை முன்கூட்டியே கண்டறிய அரசு கொண்டுவந்திருக்கும் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தை மனமார வரவேற்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அது மாத்திரை வரிசையிலேயே கண்ணில் பட வேண்டும். வேறொரு நாள், வேறொரு கட்டடம் என்றால் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது, வலி மட்டும் இல்லை என்றால் ‘சுளுக்கு’ என்று தைலம் கொடுத்து அனுப்பக் கூடாது. எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். கறுத்த விரல், நாற்றம், காய்ச்சலோடு கூடிய புண் ஆகியவற்றை அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

இனி எங்கள் பங்கு.

இரவு படுக்கும் முன் காலைப் பார்ப்பது சாமி விளக்கு ஏற்றுவது போல வீட்டு வழக்கமாக வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கிறதா, சேற்றுப்புண் வந்திருக்கிறதா, பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் தெரிகிறதா, கால் ஆணிக்கு அடியில் கறுத்திருக்கிறதா? தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைத் தோண்டினால் நகச்சுத்தி வரும். காலில் ஊற்றும் வெந்நீரைக் காலால் பதம் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். மெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணத்தன்று போட்ட மெட்டி, முப்பது வருடத்தில் விரல் பருத்த பிறகும் அப்படியே இருக்கிறது. கால் வீங்கும் நாளில் அது விரலை இறுக்கிக்கொண்டே போகும். மரத்த விரல் சொல்லாது. மெட்டி சுலபமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் தட்டாரிடம் போய்ப் பெரிதாக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சில கை வைத்தியங்களை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வது எங்களுக்கே கஷ்டம், ஏனென்றால் அவற்றை அன்போடு செய்தவர்கள் எங்கள் அம்மாக்கள். செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்து ஒத்தடம் எடுப்பது நல்ல உணர்வுள்ள காலுக்கு இதமாக இருந்திருக்கலாம். மரத்த கால் அந்தக் கல்லின் மேல் தோல் வெந்தாலும் எடுக்காது. ஆணிக்கு எருக்கம்பால் வைப்பது, மருந்துக்கடையில் வாங்கிக் கார்ன் கேப் ஒட்டுவது, பிளேடால் செதுக்குவது மூன்றுமே கூடாது. கார்ன் கேப்பில் இருக்கும் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. மருந்துக்கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள்: கேட்பவரிடம் ‘சுகர் இருக்கா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

செருப்பு விஷயத்தில் வீட்டாரிடம் கொஞ்சம் உரிமையோடே பேசுகிறோம். வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கமல்ல. ஆனால் உணர்வு போன காலுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். உடைந்த பீங்கான் சில்லு, விழுந்த ஊசி, அடுப்படியில் தெறித்த எண்ணெய் எல்லாம் வீட்டுக்குள்தானே இருக்கின்றன? தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் தீட்டும் இல்லை, அழுக்கும் இல்லை. மாமியார் அடுப்படிக்குள் செருப்போடு வருவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

வாங்கும்போது மாலையில் வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்துவதுதான் பொருந்துவது. நின்று பார்க்க வேண்டும். ஷூவாக இருந்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். விரல் இடுக்கில் வார் ஓடும் ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பின்னால் பிடிக்கும் வார் வேண்டும், இல்லாவிட்டால் கழன்றது தெரியாது. எம்.சி.ஆர். தானா என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்துங்கள்: மெத்தென்று அமுங்கி உடனே எழ வேண்டும். பல மாதம் போட்டு அமுங்கிய இடம் எழாமல் போனால் அந்தச் செருப்பின் வேலை முடிந்தது. தைக்கக் கொடுத்தால் ஆணி அடிக்க வேண்டாம், நூலால் தைத்து ஒட்டித் தாருங்கள் என்று சொல்லுங்கள். போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இந்தச் செருப்பைப் போட எங்கள் பெண்கள் பலர் கூச்சப்படுகிறார்கள். அகலமான கறுப்பு வார், தடித்த அடி. பார்த்தவுடன் ‘நோயாளிச் செருப்பு’ என்று தெரிகிறது. கல்யாணத்துக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு மெல்லிய செருப்பைப் போட்டுக்கொண்டு போய் நாள் முழுவதும் நிற்கிறார்கள். இதை வீண் பகட்டு என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ செய்கிற மாநிலம் இது. மெத்தென்ற அடியும் பார்க்க அழகான மேல்பாகமும் கொண்ட ஒரு செருப்பைக் குறைந்த விலையில் செய்து, உணர்விழப்பு உறுதியானவர்களுக்கு அரசு மாத்திரை கொடுப்பது போலவே இலவசமாகக் கொடுக்க முடியும். அது மருந்துதான். அப்படித்தான் அதை நடத்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான கோரிக்கை.

வேலை இடங்களுக்கு வருவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருமழிசையிலும் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ கட்டாயம் என்று எழுதியிருக்கும் இடங்களில், ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருப்பில் உள்ள அளவைத்தான் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் ஷூ. எட்டு மணி நேரம் அந்த இரும்பு முனை சுண்டுவிரலில் உரசுகிறது. உணர்வுள்ளவன் சண்டை போட்டு மாற்றிக்கொள்வான். மரத்த காலோடு இருப்பவன் சாயங்காலம் சாக்ஸில் ஈரத்தைப் பார்த்துத்தான் அறிவான். காலை அளந்து ஷூ கொடுங்கள். ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடத்துக்கே வந்து சர்க்கரை பார்க்கும்போது ஷூவையும் கழற்றிப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் தொழிலாளிகளிடம் இருக்கிறது. அந்தப் பயம் வீண் என்று நிர்வாகங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. எங்கள் கடைத்தெருக்களில் அந்த இருக்கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோயில் பற்றிப் பேசத் தயங்கினோம். பேசாமல் இருக்க முடியவில்லை. ஆடியில் திருவேற்காட்டுக்கும் பெரியபாளையத்துக்கும், கிருத்திகைக்குத் திருத்தணிக்கும் எங்கள் மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். புரட்டாசியில் திருப்பதிக் குடை இந்த வழியாகப் போகும்போது பின்னாலேயே நடப்பவர்கள் உண்டு. நாங்களும் நடந்தவர்கள்தான். சித்திரை வெயிலில் பிரகாரக் கல்லில் மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓடும்போது நிதானமாக நடந்து வருபவரைப் பார்த்தால் பக்தி என்று நினைக்கத் தோன்றும். அவருக்குச் சூடு தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் பாதம் முழுக்கக் கொப்புளம். உணர்வு போன கால் தீ மிதிக்கக் கூடாது, வெறுங்காலோடு பாதயாத்திரை போகக் கூடாது. வேண்டிக்கொண்டதை வேறு வகையில் செலுத்த நம் மரபில் இடம் இருக்கிறது: கூழ் வார்க்கலாம், நடப்பவர்களுக்கு மோர்ப் பந்தல் போடலாம். அறநிலையத் துறை வெயில் காலத்தில் தென்னை நார் விரிப்பு போடுவதை நன்றியோடு பார்க்கிறோம். கூடவே, தடித்த துணிக் காலுறையோடு உள்ளே வரலாம் என்று எல்லாக் கோயில் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். காலுறை செருப்புக்கு ஈடாகாதுதான், வெறுங்காலுக்கு எவ்வளவோ மேல். ஒலிபெருக்கியில் ‘சர்க்கரை உள்ளவர்கள் காலுறை அணிந்து வாருங்கள்’ என்று அர்ச்சகர் குரலில் ஒரு வார்த்தை வந்தால், பத்து மருத்துவர்கள் சொல்வதை விட எங்கள் அம்மாக்கள் அதைக் கேட்பார்கள்.

மழைக்காலமும் எங்களுக்குத் தனிக் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் நின்ற தண்ணீரில் முழங்கால் அளவு நடந்துதான் பால் வாங்கினோம். அந்தத் தண்ணீரில் சாக்கடை இருந்தது, பட்டறைக் கழிவு இருந்தது, கண்ணுக்குத் தெரியாத ஆணியும் தகரமும் இருந்தன. நிவாரணப் பையில் அரிசியோடு, சர்க்கரை உள்ள வீடுகளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் இருக்க வேண்டும். வெள்ள முகாம்களில் காய்ச்சலுக்குப் பார்ப்பது போலக் காலையும் பார்க்க வேண்டும்.

எங்கள் அமைப்பிலும் ஒன்றை மாற்றியிருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வருபவர்கள் இதுவரை செருப்பை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த சிமெண்டுப் படியில் வெறுங்காலோடு ஏறி வந்தார்கள். இனி செருப்போடு மேலே வருவார்கள். உள்ளே எதிரெதிராக இரண்டு நாற்காலியும், தரையில் ஒரு கண்ணாடியும் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் குனிந்து ஆறு விரல் நுனிகளைத் தொடுவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். தொட்டது தெரியாதவரின் பெயரை நோட்டில் எழுதி, அடுத்த நாள் காலை அவரோடு ஒருவர் சுகாதார நிலையத்துக்குத் துணையாகப் போவார்.